விற்கப்போகும் வீட்டுக்கு எந்த வேலை செய்யலாம்?

வீட்டை விற்பது என்று முடிவானதும் வீட்டுக்குள் ஒரு பேச்சு எழும்.

"புது டைல்ஸ் போட்டு, பளபளவென்று பெயிண்ட் அடித்துவிட்டால் இரண்டு லட்சம் கூடக் கிடைக்குமே!" என்பார் வீட்டுக்காரர்.

"கையில் இருக்கிற பணத்தையும் சுவரில் பூசிவிட்டால், பெண்ணின் கல்லூரிச் சம்பளத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பார் மனைவி.

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. சில வேலைகளுக்குப் போட்ட பணம் திரும்பி வரும். சில வேலைகளுக்குப் போட்ட பணம் போனது போனதுதான். எது வரும், எது வராது? கடன் வாங்கி வேலை செய்யப்போகிற குடும்பத்துக்கு இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது.

மனையா? வீடா?

முதலில் பார்க்கவேண்டியது, வாங்க வருகிறவர் எதை வாங்குகிறார் என்பது.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து, 2019 நவம்பர் 26-ந் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் அலுவலகம் வந்தது. மற்ற அலுவலகங்களும் வந்தன. ஓர் ஊர் மாவட்டத் தலைநகர் ஆனால், அங்கே மனைக்குத் தேவை கூடுவது இயற்கை.

பெரிய சாலை ஓரத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் அங்கே கடை கட்ட நினைக்கிறார். பத்திரம் பதிந்த மறு மாதமே வீட்டை இடித்துவிடுவார். அந்த வீட்டுக்குப் புதுத் தரை எதற்கு? அங்கே ஒரு மூட்டை சிமெண்டு வாங்குவது கூட வீண் செலவு!

குடியிருக்க வருகிறவர் என்றால் கதை வேறு. அவருக்கு இரண்டு பயம் உண்டு. ஒன்று, வீடு ஒழுகுமோ என்ற பயம். மற்றொன்று, பத்திரத்தில் வில்லங்கம் வருமோ என்ற பயம். இந்த இரண்டு பயத்தையும் போக்கும் செலவுதான் நல்ல செலவு.

மொட்டை மாடிக்குப் போங்கள்

கான்கிரீட் தளத்தில் வெடிப்பு விட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவர் தலையில் காரை விழுவது இப்படித்தான்.

இதை வாங்குகிறவரும் பார்ப்பார். அவர் கூடவே ஒரு கொத்தனாரை அழைத்து வருவார். செலவு ஐம்பதாயிரம் ஆகிற இடத்தில், "ஒன்றரை லட்சம் ஆகும்" என்று சொல்லி விலையைக் குறைப்பார். தெரியாத செலவை யாரும் கூட்டித்தானே மதிப்பார்கள்? அதனால் ஒழுகலை அடைத்த செலவு பெரும்பாலும் வீண் போவதில்லை.

தளம் ஒழுகுகிறதா என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. மாடியில் தண்ணீர் போகும் குழாய் வாயை அடைத்துவிட்டு, தளம் மூழ்கும் அளவு தண்ணீர் கட்ட வேண்டும். ஒரு நாள் முழுதும் நிற்க விட வேண்டும். கீழே வந்து மேல்தளத்தை அண்ணாந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தளத்தில் ஏற்கெனவே பெரிய வெடிப்பு இருந்தால், அல்லது கம்பி வெளியே தெரிந்தால், இந்தச் சோதனை வேண்டாம். நேரே கொத்தனாரையோ இஞ்சினீயரையோ கூப்பிடுவதே நல்லது.

சுவரில் ஓதம் ஏறியிருந்தால், மேலே பெயிண்ட் அடித்துப் பயன் இல்லை. உள்ளே ஈரம் இருக்கும்வரை உப்புப் பூக்கும். பெயிண்ட் அப்பளம் போல் உப்பி உதிரும். ஈரம் எங்கிருந்து வருகிறது? குழாய்க் கசிவா, குளியலறைத் தரையா, மாடியா? முதலில் அதை அடைத்துவிட்டு, சுவர் காய்ந்தபிறகுதான் தூரிகையைத் தொட வேண்டும்.

அறுந்த மின்கம்பி, ஓடாத மோட்டார், கரையான் பிடித்த நிலைப்படி ஆகியவையும் சரிசெய்யத் தக்கவையே.

அமெரிக்கக் கணக்கு

அமெரிக்காவில் ஒரு கணக்கு எடுக்கிறார்கள். வீட்டு வேலைக்கு 100 ரூபாய் செலவழித்தால், விற்கும்போது அதில் எவ்வளவு திரும்பி வரும் என்பதே கணக்கு.

2024-ம் ஆண்டுக் கணக்கின்படி, சமையலறையைச் சிறிதாகச் சீர்செய்தவருக்கு 100-க்கு சுமார் 96 திரும்பியது. சமையலறையையே இடித்து ஆடம்பரமாகக் கட்டியவருக்கோ சுமார் 38 தான் வந்தது! வாசல் கதவை மாற்றியவருக்குப் போட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது.

அமெரிக்கா வேறு, கள்ளக்குறிச்சி வேறு. அந்தத் தொகை இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் ஆடம்பரத்துக்குப் போட்ட பணம் முழுதாகத் திரும்பாது என்பது இங்கும் நடக்கிற சங்கதியே. ஒருவருக்குப் பச்சை டைல்ஸ் பிடிக்கும். வருகிறவருக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. அவர் அதைப் பெயர்த்து எறிவார்.

இன்னொன்றும் உண்டு. வாங்குகிறவர் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் கட்ட வேண்டும். 20 லட்ச ரூபாய் சொத்துக்கு இதுவே 1,80,000 ரூபாய். (10 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.) அவ்வளவு கட்டுகிறவர், நம் வீட்டு அலங்காரத்துக்கும் சேர்த்துக் கொடுப்பாரா?

கதவில் கை வைக்காதீர்கள்

பழைய வீடுகளில் தேக்குக் கதவு இருக்கும். நிலையில் பூவும் கொடியும் செதுக்கியிருக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கடையில் விற்கும் பிளைவுட் கதவை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐயோ பாவம்!

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பகுதி வேலைக்கு மட்டுமே உரிய பெயர் அது. இத்தகைய ஊரில் பழைய கதவைப் பழுது என்று நினைக்கலாமா? காரைக்குடியில் பழைய கதவுகளையும் தூண்களையும் விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. கதவைத் துடைத்து, எண்ணெய் பூசி, கீலைச் சரிசெய்தால் போதும். வீடு இடிபடப் போகிறது என்று தெரிந்தால், கதவுக்குத் தனி விலை பேசிக்கொள்ளலாம்.

வெள்ளம் வந்த வீடு

2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அந்த மழையில் விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பல ஊர்கள் வெள்ளத்தில் சிக்கின. அதன்பிறகு இந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர் கேட்பது, "தண்ணீர் உள்ளே வந்ததா?" என்பதைத்தான்.

சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தை மறைக்கப் பெயிண்ட் அடிப்பது ஆபத்து. 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு இதைச் சொல்லுகிறது. விற்கிறவருக்குத் தெரிந்திருந்து, வாங்குகிறவர் சாதாரணமாகக் கவனித்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை இருந்தால், அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மோசடி ஆகும். பிறகு கோர்ட்டுக்கு அலைவதற்கு ஆகும் செலவு, பெயிண்ட் விலையைப்போலப் பல மடங்கு!

காகிதமும் மராமத்துதான்

பட்டா இன்னும் தாத்தா பெயரில். வரி ரசீது அப்பா பெயரில். மின் இணைப்பு பெரியப்பா பெயரில். எத்தனை வீடுகளில் இப்படி இருக்கிறது! வீடு மாளிகையாகவே இருக்கட்டும். காகிதம் சரியில்லாவிட்டால் வாங்குகிறவருக்கு வங்கி கடன் கொடுக்காது.

வாரிசுச் சான்று, பெயர் மாற்றிய பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றை முதலில் தயார் செய்ய வேண்டும். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் சம்மதமா என்பதையும் கேட்டுவிட வேண்டும். டைல்ஸ் போட்டபிறகு தங்கை கையெழுத்துப் போட மறுத்தால், டைல்ஸை என்ன செய்வது?

மலைமேல் எப்படி?

கல்வராயன் மலைக்குப் போனால் இந்தக் காகித விஷயம் இன்னும் முக்கியம். அந்த மலை நெடுங்காலம் ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. 1976-ம் ஆண்டில்தான் அரசு எடுத்துக்கொண்டது. ஆகவே கீழே ஊர்களில் இருப்பதுபோல் பழைய பத்திரக் கட்டு அங்கே எல்லோரிடமும் இராது.

அரசு ஒப்படை செய்த நிலமானால், பட்டாவில் நிபந்தனை எழுதியிருக்கும். அதை முதலில் படிக்க வேண்டும். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிடைத்த நிலம் பிள்ளைகளுக்குப் போகும். பிறருக்கு விற்க முடியாது. அங்கே வீட்டைச் சீர்செய்வது தாங்கள் குடியிருக்கத்தான். விலை எதிர்பார்த்து ஒரு ரூபாய் கூடப் போடக் கூடாது.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள்

விற்ற லாபத்துக்கு வருமான வரி உண்டு. புது அறை கட்டியது, மாடி எடுத்தது போன்ற செலவைக் கணக்கில் கழிக்கலாம். வெள்ளை அடித்தது, சில்லறைப் பழுது பார்த்தது போன்றவை அதில் சேராது. கழிப்பதற்கு ரசீது வேண்டும்.

மாடி வேலையை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மழை ஓய்ந்து, சுவர் உலர்ந்து, தை பிறந்ததும் வெள்ளை அடிக்கலாம். அடைத்த இடம் ஒரு மழையைத் தாங்கியிருக்கும். வாங்க வருகிறவரை மாடிக்கே அழைத்துப் போய்க் காட்டலாம்.