தையல்காரியின் கதிரையும் உங்கள் முதல்தான்

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே அபாயா, சல்வார், சிறுவர் உடுப்பு என்று துணியை வெட்டி வீடுகளுக்குத் தைக்கக் கொடுக்கும் வியாபாரிகள் எம்மத்தியில் பலர். பாடசாலை தொடங்குமுன் சீருடை, பிறகு தலையணை உறை, வெட்டுத்துண்டுகளை ஒட்டித் தைக்கும் கட்டில் விரிப்பு என்று வருடம் முழுக்க இவ்வேலை நடக்கிறது. துணி விலை, நூலின் தரம், வேன் கூலி எல்லாவற்றையும் சதக்கணக்கில் பார்ப்பவர்கள், அந்தச் சகோதரி எதில் உட்கார்ந்து தைக்கிறார் என்று பார்ப்பது குறைவு. பெருநாளுக்குப் பத்து நாள் இருக்க, "நானா, நாரி வலி, இனித் தைக்க ஏலாது" என்று பாதித் துணி திரும்பி வந்தால் நட்டம் யாருக்கு?

பல வீடுகளில் மெஷின் இருப்பது சாப்பாட்டு மேசையில். அந்த மேசையே ஏறத்தாழ 30 அங்குலம். அதன்மேல் மோட்டார் மெஷினை வைத்தால் துணி ஓடும் தட்டு இன்னும் சில அங்குலம் மேலே போய்விடும். தைப்பவர் நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கணக்கு மிக இலகுவானது: உட்கார்ந்து முழங்கையை மடித்தால் கை எந்த உயரத்தில் நிற்கிறதோ, துணியும் அந்த உயரத்தில் ஓட வேண்டும். எங்கள் உம்மாமார் மிதித்த கால் மெஷினில் தலை பலகைக்குள் பதிந்திருந்தது இதனால்தான். தச்சுவேலைக்காரர் ஒருவரைக் கொண்டு மேசைப் பலகையை வெட்டி, மெஷினைக் கீழே இறக்கி வைக்கலாம். பொபின் மாற்றக் கை போக இடம் விட மறக்கக் கூடாது.

கதிரைக்கு முதுகுச் சாய்வு வேண்டும். பாதம் முழுவதும் தரையில் படவேண்டும். மோட்டாரின் கால்மிதி வழுக்கிப் போகாமல் அடியில் ஒரு ரப்பர் துண்டு போதும்.

வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வருவது நல்லது. மெஷினின் தூண் வலது பக்கம் இருப்பதால் வலது வெளிச்சம் ஊசியடியில் நிழலைப் போடும். கறுப்பு அபாயாத் துணியில் கறுப்பு நூல் ஓடுவதைக் காண மேலே தொங்கும் ஒரு குமிழ் போதாது. ஊசிக்கருகே தனி விளக்கு வேண்டும். பிழைத்த தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் அந்த விளக்கின் விலை பெரிதல்ல.

விரிப்பு, போர்வை தைப்பவர்களின் கஷ்டம் வேறு. பாரமான துணி மேசையிலிருந்து தொங்கினால் கையை இழுக்கும், தையலும் கோணும். மெஷினுக்கு இடப்புறமும் பின்புறமும் அதே உயரத்தில் பலகை போட்டால் துணியின் பாரத்தை மேசை தாங்கும். நிலத்தில் குனிந்து வெட்டுவதையும் நிறுத்த வேண்டும். நின்று வெட்ட 36 அங்குல மேசை பெரும்பாலானோருக்குச் சரிவரும். எவ்வளவு நல்ல கதிரையாயினும் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பத்தான் வேண்டும். வெட்டுவதையும் அயர்ன் பண்ணுவதையும் இடையிடையே வைத்துக்கொண்டால் அதுவே ஓய்வு.

இதற்கெல்லாம் காசுக்கு எங்கே போவது? 1877இல் இலங்கைக்கு வந்த சிங்கர் கம்பனி, அதற்கு முன்பே, 1856இல், அமெரிக்காவில் மெஷினைத் தவணைக்குக் கொடுக்கத் தொடங்கியது. ஒரே தடவையில் வாங்க முடியாத குடும்பங்கள் இப்படித்தான் மெஷின் எடுத்தன. அதே வழியில் மேசை, கதிரை, விளக்கை நீங்கள் வாங்கிக் கொடுத்து, தையல் கூலியில் சிறிது சிறிதாகக் கழிக்கலாம். வாங்கிய விலைக்கு மேல் ஒரு ரூபாவும் அறவிடாமல்.

"கதிரையை வாங்கிவிட்டு வேறு முதலாளிக்குத் தைத்தால்?" என்று கேட்பார்கள். தைக்கலாம்தான். கூலியை ஒழுங்காகக் கொடுப்பவரை விட்டுப் போகிறவர்கள் அதிகமில்லை. எப்படியும் விலை, ஒவ்வொரு முறையும் கழிக்கும் தொகை, மிச்சம் ஆகியவற்றை இரண்டு கொப்பிகளில் எழுதி, ஒன்றை அவரிடமே கொடுத்துவிடுங்கள். வேலை கொடுக்காத மாதத்தில் தவணை கேட்க வேண்டாம்.