நிலம் நடுங்கினும் நிலைத்து நிற்க

2015 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5 ஆம் நாள் காலை சபா மாநிலத்தின் ரானாவ் வட்டாரத்தில் நிலம் அதிர்ந்தது. 6 எனக் கணிக்கப்பட்ட அந்நில நடுக்கத்தால் கினபாலு மலையில் பாறைகள் சரிந்து 18 பேர் மாண்டனர். அடிவாரத்தில் பள்ளிக் கட்டடங்களும் மருத்துவமனையும் சேதமுற்றன. ரானாவில் ஆசிரியர்கள் குடியிருந்த மாடிக் கட்டடம் ஒன்றில், மேல் மாடிகள் பெரிதும் குலையாதிருக்க, தரைத்தளத் தூண்கள் சிதைந்து உள்ளிருந்த கம்பிகள் வெளியே தெரிந்தன. தூண்கள் மட்டும் சிதைந்தது ஏன்? அத்தகைய பழைய கட்டடங்களை இடிக்காமலே வலுப்படுத்த இயலுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

கான்கிரீட்டு, அழுத்தும் பாரத்தை நன்கு தாங்கும், இழுத்தால் வெடித்துவிடும். இழுவிசையைத் தாங்குவதற்காகவே அதனுள் இரும்புக் கம்பிகளை வைக்கின்றோம். இவ்வாறு அமைந்த தூண்களும் உத்திரங்களும் இணைந்த கூடே கட்டடத்தின் எலும்புக்கூடு. பழைய கட்டடங்கள் பலவற்றில் இக்கூடு மேலிருந்து கீழ்நோக்கி வரும் பாரத்தை மட்டுமே எண்ணி அமைக்கப்பட்டது. நில நடுக்கமோ கட்டடத்தைப் பக்கவாட்டில் உலுக்குகின்றது.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூன்று தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். நான்கு ஈர்க்குத் துண்டுகளைக் கால்களாகச் செருகி, பலகைமீது பிசைந்து வைத்த களிமண்ணில் நிறுத்துங்கள். பலகையை வெடுக்கென இழுத்தால், பெட்டிகள் மூன்றும் ஒரே கட்டியாக அசைய, ஈர்க்குகள் மட்டும் வளையும். இனிப் பக்கத்திற்கு ஒன்றாகக் கால்களுக்கிடையே அட்டைத் துண்டுகளை ஒட்டி மீண்டும் இழுங்கள். இம்முறை கால்கள் எளிதில் வளையா.

மேல் மாடிகளில் அறைச் சுவர்கள் இருப்பதால் அவை பெட்டியைப் போல் இறுகி நிற்கின்றன. வாகனம் நிறுத்தவோ கடை வைக்கவோ தரைத்தளத்தைத் திறந்து விட்டால், அங்குள்ள தூண்கள் ஈர்க்குகளின் நிலையை அடைகின்றன. 2001 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் நாள் குஜராத்தில் பூஜ் நகரை அடுத்து நேர்ந்த நில நடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்திலும் இத்தகைய மாடிக் குடியிருப்புகள் பல இடிந்து விழுந்தன.

தூணின் நெட்டுக் கம்பிகளைச் சுற்றிக் கட்டப்படும் வளையக் கம்பிகளையும் நாம் கருத வேண்டும். பீப்பாய்க்கு இரும்புப் பட்டை எப்படியோ, தூணுக்கு வளையக் கம்பி அப்படி. வளையங்கள் நெருக்கமாக இருந்தால், தூண் வளைந்தாலும் உள்ளிருக்கும் கான்கிரீட்டு சிதறாது. இடைவெளி மிகுந்தால் கான்கிரீட்டு உதிரும். நெட்டுக் கம்பிகள் வெளிப்புறமாகப் பிதுங்கும். பின்னர்ப் பாரத்தைத் தாங்க ஏதுமில்லை.

நோய் விளங்கினால் மருந்தும் விளங்கும். முதலாவது, தூணுக்குக் கவசமிடுதல். மேற்காரையைக் கொத்தி நீக்கிப் புதிய நெட்டுக் கம்பிகளையும் நெருக்கமான வளையங்களையும் கட்டிக் கான்கிரீட்டு வார்ப்பார்கள். எஃகுத் தகடு பொருத்துவதும், கரிம இழைத் துணியைப் பசையிட்டுச் சுற்றுவதும் உண்டு. இரண்டாவது, தகுந்த இடங்களில் தூண்களுக்கிடையே அடித்தளத்தோடு கூடிய கான்கிரீட்டுச் சுவர் எழுப்புதல். சோதனையில் நாம் ஒட்டிய அட்டை இதுவே. ஒரு பக்கத்தில் மட்டும் எழுப்பினால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். மூன்றாவது, எஃகுச் சட்டங்களைக் குறுக்காகப் பொருத்துதல். ஜப்பானில் 1995 ஆம் ஆண்டின் கோபே பேரழிவுக்குப் பின்னர்ப் பள்ளிக் கட்டடங்கள் பல இம்முறையில் வலுவூட்டப் பெற்றன.

நான்காவது முறை, பால்மரத் தோட்டங்களை அறிந்த நமக்கு நெருக்கமானது. இரப்பரும் எஃகுத் தகடும் அடுக்கடுக்காக அமைந்த மெத்தைகளின்மேல் கட்டடத்தை அமர்த்தினால், நிலத்தின் உலுக்கல் பெருமளவு குறைந்தே மேலே செல்லும். கலிபோர்னியாவில் 1985 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட நீதிமன்றக் கட்டடமொன்று, மலேசிய இரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுக் கழகத்தின் முயற்சியில் உருவான இயற்கை இரப்பர் மெத்தைகளின்மேல் நிற்கின்றது. பழைய கட்டடத்திற்கும் இது பொருந்தும். 1959 ஆம் ஆண்டில் எழுந்த தோக்கியோ மேலைநாட்டுக் கலை அரும்பொருளகம் இடிக்கப்படவில்லை. 1998 ஆம் ஆண்டில் அதன் அடியில் இரப்பர் மெத்தைகள் பொருத்தப்பட்டன. 2014 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இரண்டாம் பினாங்குப் பாலத்திலும் இயற்கை இரப்பர் மெத்தைகள் உள்ளன.

நில நடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கென 2017 ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குரிய வரையறைகள் வெளியாயின. அவை புதிய கட்டடங்களுக்கு வழிகாட்டும்; முன்னரே எழுந்தவற்றைப் பொறியாளர் ஒவ்வொன்றாக ஆராய்ந்தே முடிவு செய்யவேண்டும். தீபகற்ப மலேசியாவில் சபாவைப் போன்ற அபாயம் இல்லை எனினும், சுமத்திராவின் பெரும் அதிர்வுகளை மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் உணர்ந்துள்ளனர்.

ஆதலின் தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த அன்பர்கள் சிலவற்றை மனத்திற்கொள்ளல் நலம். குழாய் பதிக்கத் தூணையோ உத்திரத்தையோ கொத்தாதீர்கள். இடத்தை விரிவாக்க எண்ணிப் பொறியாளரைக் கேளாமல் சுவரை இடிக்காதீர்கள். காரை உதிர்ந்து கம்பி தெரிந்தால், பூசி மறைக்காமல் நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். பூச்சு குறையை மறைக்குமேயன்றி நீக்காது. தூணை நாம் காத்தால், தூண் நம் பிள்ளைகளைக் காக்கும்.