"அம்மா, உனக்கு எத்தனை வயசுல நின்னுச்சு?" - 40-க்கு முன்பே முடியும் மாதவிடாய்... ஏன், எப்படி, என்ன செய்யலாம்?

நன்னிலம் பக்கம் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், அக்கம்பக்கத்தில் முதலில் வரும் கேள்வி, "என்ன, குளிக்காம இருக்கியா?" டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் நெகட்டிவ். அடுத்த மாசமும் வரவில்லை என்றால், "உடம்பு சூடுடி, வெந்தயத்தை ஊறவெச்சுக் குடி." மூணாவது மாசம், "நடவு, களைன்னு வெயில்ல நின்னா இப்படித்தான்." ஆறு மாசம் கடந்துவிட்டால், "போகட்டும் விடு... தொல்லை விட்டுச்சு!"

அந்தப் பெண்ணுக்கு வயது 48 என்றால் இந்தக் கடைசி வரி ஓகே. 34 என்றால்?

அப்போது அது கண்டிப்பாக டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். ஏனென்றால், நின்றுபோவது மாதவிடாய் மட்டும் கிடையாது. எலும்பையும் இதயத்தையும் காத்துவந்த ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனும் 10, 15 வருஷம் முன்னாடியே குறைந்துபோகிறது.

பத்தாயத்தில் எவ்வளவு நெல் இருக்கு?

நம்ம ஊர் வீடுகளில் இருந்த பத்தாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நிரப்பியதுதான், இனி புதுசா ஒரு மணி நெல்கூட வராது. சினைப்பையும் அப்படித்தான். பெண் குழந்தை பிறக்கும்போதே சுமார் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறாள். வயதுக்கு வரும்போது அது 3, 4 லட்சமாகக் குறைந்திருக்கும். இதில் வாழ்நாள் முழுக்க வெளிவருவது 400, 500 தான். மற்றவை தானாகவே அழிந்துபோகின்றன.

இருப்பு கிட்டத்தட்ட தீரும்போது மாதவிடாய் நிற்கிறது. மேலை நாடுகளில் இதற்கான சராசரி வயது 51. இந்தியப் பெண்களுக்கு 46, 47. 40-லிருந்து 45-க்குள் நின்றால், 'சீக்கிர மெனோபாஸ்'. 40-க்கும் முன்பே சினைப்பை சோர்ந்துபோனால் அதை 'சினைப்பை முன்கூட்டியே செயலிழத்தல்' என்கிறார்கள். 100 பெண்களில் ஒருவருக்கு வரும் என்றுதான் முன்பு சொல்லிவந்தார்கள். 2024-ல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டி, சுமார் 3.5 சதவிகிதம் என்கிறது. அபூர்வம் என்று ஒதுக்கிவிட முடியாத எண்ணிக்கை.

யாருக்கு ரிஸ்க் அதிகம்?

நேர்மையாகச் சொல்வதென்றால், பலருக்குக் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை. அதனால், "நீ என்ன பண்ணின?" என்று யாரையும் குறை சொல்ல இடமில்லை. தெரிந்த காரணங்கள் இவை.

* குடும்பம்: அம்மாவுக்கோ அக்காவுக்கோ சீக்கிரம் நின்றிருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு அதிகம். எக்ஸ் குரோமோசோமில் ஏற்படும் சில மாற்றங்களும் காரணமாகலாம்.
* ஆட்டோ இம்யூன் பிரச்னை: உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குவது. தைராய்டில் இந்தப் பிரச்னை இருப்பவர்கள் மாதவிடாயைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.
* சிகிச்சைகள்: புற்றுநோய்க்கான கீமோ, இடுப்புப் பகுதிக்குக் கொடுக்கும் ரேடியேஷன், சினைப்பைக் கட்டி அறுவை சிகிச்சை ஆகியவை முட்டை இருப்பைக் குறைக்கலாம்.
* புகை: சிகரெட் பிடிப்பவர்களுக்கு மெனோபாஸ் ஒன்றிரண்டு வருஷம் முன்னாடியே வருகிறது. "நான் பிடிக்கறதில்லையே" என்கிறீர்களா? வீட்டுக்குள் அப்பாவோ கணவரோ விடுகிற பீடிப்புகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.
* எடை குறைவு: ரொம்ப ஒல்லியாக இருப்பதும் சீக்கிர மெனோபாஸோடு சேர்ந்தே காணப்படுகிறது.

நம்ம ஊரில் பலருக்கும் ஒரு பயம் உண்டு. "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினா சீக்கிரம் நின்னுடுமா?" அமெரிக்க நர்ஸ்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. இன்னொரு குழப்பம் பி.சி.ஓ.எஸ். அதிலும் மாதவிடாய் தள்ளிப்போகும். ஆனால், அங்கே முட்டை இருப்பு தீர்ந்துபோவதில்லை. இரண்டும் வேறு வேறு பிரச்னை, சிகிச்சையும் வேறு.

"எனக்குத்தான் அதை எடுத்தாச்சே!"

அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ எப்போது நின்றது என்று கேட்டால், இப்படியும் ஒரு பதில் வரலாம். "எனக்குத்தான் கர்ப்பப்பையை எடுத்தாச்சே!"

தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21), 15 முதல் 49 வயதுக்குள் உள்ள இந்தியப் பெண்களில் சுமார் 3 சதவிகிதம் பேருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருக்கிறது. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இது 8 சதவிகிதத்துக்கும் மேல். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் 2019-ல், கரும்பு வெட்டும் பெண்கள் 82,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அரசு கணக்கெடுத்தது. அவர்களில் 13,000-க்கும் மேற்பட்டோருக்குக் கர்ப்பப்பை இல்லை. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலியில் பிடித்தம் என்ற நிலையில், மாதவிடாயே வேண்டாம் என்று பல பெண்கள் முடிவெடுத்திருந்தார்கள். தேவையில்லாத ஆபரேஷன்களைத் தடுக்க மத்திய சுகாதாரத் துறை 2022-ல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவற்றை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது.

இதற்கும் சினைப்பைக்கும் என்ன சம்பந்தம்? கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் அன்றைக்கே மெனோபாஸ். சினைப்பையை விட்டுவைத்தாலும் அது சீக்கிரம் சோர்ந்துபோகும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே, வெள்ளைப்படுதல், அதிக ரத்தப்போக்கு என்று போன இடத்தில் "எடுத்துடலாம்" என்றால், உடனே தலையாட்டாதீர்கள். "மாத்திரையில சரிபண்ண முடியுமா? சினைப்பையையும் எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். இன்னொரு டாக்டரிடமும் ஆலோசனை பெறுங்கள். புற்றுநோய் போன்ற நிலைகளில் இந்த ஆபரேஷன் உயிர்காக்கும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

காக்கும் விஷயங்கள் எவை?

பிறக்கும்போதே கூட வந்த இருப்பை எந்தக் கஷாயமும் மாத்திரையும் கூட்டிவிட முடியாது. 'முட்டையைப் பெருக்கும் பவுடர்' என்று ரீல்ஸில் வந்தால் ஸ்க்ரோல் பண்ணிப் போய்க்கொண்டே இருங்கள்.

ஆனால், அந்த நர்ஸ்கள் ஆய்வில் சில நல்ல சேதிகள் உண்டு. தாய்ப்பால் கொடுத்தவர்களுக்கு, குறிப்பாகப் பல மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்களுக்கு, சீக்கிர மெனோபாஸ் குறைவாகவே வந்தது. உணவிலிருந்து வைட்டமின் டி, தாவரப் புரதம் அதிகம் பெற்றவர்களிடமும் அப்படியே. இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, இதைச் சாப்பிட்டால் கேரன்டி என்று அர்த்தமில்லை.

தாவரப் புரதத்துக்கு டெல்டாவில் என்ன பஞ்சம்? சம்பா அறுவடைக்கு அப்புறம் அதே வயலில் விளையும் உளுந்தும் பயறும் தட்டில் தினமும் இருக்கட்டும். பால், தயிர், கேழ்வரகு, சின்ன மீன்கள் எல்லாம் எலும்புக்கு உரம். எடையை அளவாக வைத்துக்கொள்வதும், வீட்டுக்குள் புகையை அனுமதிக்காததும் நம் கையில் இருப்பவை.

எப்போது டாக்டரிடம் போகணும்?

சித்திரை வெயிலில் யாருக்குத்தான் வேர்க்காது? ஆனால், மார்கழிப் பனியில் வீடே போர்வைக்குள் சுருண்டிருக்க, உங்களுக்கு மட்டும் குபுகுபுவென வேர்த்தால் கவனியுங்கள். தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், பிறப்புறுப்பில் வறட்சி, தாம்பத்தியத்தில் வலி ஆகியவையும் அறிகுறிகளே.

40 வயதுக்குள் இருப்பவருக்கு 4 மாதங்கள் மாதவிடாய் வராமலோ தாறுமாறாகவோ இருந்தால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பமில்லை என்று உறுதிசெய்த பிறகு, எஃப்.எஸ்.ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். அது 25-க்கு மேல் இருந்தால் சினைப்பை சோர்ந்திருக்கிறது என்று பொருள். சந்தேகம் இருந்தால் 4 முதல் 6 வாரம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். தைராய்டு பரிசோதனையும் உண்டு. நன்னிலம் அரசு மருத்துவமனையில் ஆரம்பிக்கலாம். தேவைப்பட்டால் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

உறுதியானால் பயப்பட வேண்டாம். குறைந்துபோன ஹார்மோனை மருந்தாகத் தருவார்கள். இயல்பாக மெனோபாஸ் வரும் வயதுவரை இதை எடுத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். "ஹார்மோன் மாத்திரையா, கேன்சர் வரும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னதை நம்பி நடுவில் நிறுத்தாதீர்கள். உடம்பில் இருந்திருக்க வேண்டியதைத்தான் திரும்பக் கொடுக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும் வேறு வழிகளை யோசிப்பார்கள்.

குழந்தை? 100-ல் 5 முதல் 10 பேர் வரை இயல்பாகவே கருவுறுகிறார்கள். மற்றவர்களுக்கு 2021-ம் ஆண்டுச் சட்டப்படி முறைப்படுத்தப்பட்ட கருமுட்டை தானம் இருக்கிறது. கீமோ தொடங்க இருப்பவர்கள், சிகிச்சைக்கு முன்பே முட்டையை உறைய வைப்பது பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம் கேட்டால் லேட்!

கடைசியாக ஒன்று. செலவே இல்லாத முதல் டெஸ்ட் உங்கள் போனிலேயே இருக்கிறது. இன்னிக்கு அம்மாவுக்கு போன் போடுங்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்ட பிறகு இதையும் கேளுங்கள். "உனக்கு எத்தனை வயசுல நின்னுச்சு? தானா நின்னுச்சா, எடுத்தாங்களா?" அம்மா கொஞ்சம் கூச்சப்படலாம். பரவாயில்லை. அந்தப் பதிலை எங்கேயாவது குறித்துவைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.