பித்தளைக்கு விலை, பேரேட்டுக்கு அடுப்பு

செட்டிநாட்டில் ஒரு வீட்டை ஒதுங்கவைக்கப் போகிறார்கள் என்றால், ஊரில் முதலில் தெரிந்துகொள்பவர் பழம்பொருள் வியாபாரிதான். பங்காளிகள் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து சேர்வதற்குள் அவர் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார். பர்மா தேக்குத் தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு, மங்குச் சாமான், ரவிவர்மா படம் எல்லாவற்றுக்கும் அவர் மனதில் ஒரு விலை உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு மணி நேரம் நடந்தால், இந்த வட்டாரத்து வீடுகளின் வயிற்றுக்குள் இருந்தவை கடை கடையாக அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம்.

வீடு விடுதியாகப் போகிறதோ, கல்யாண மண்டபமாகப் போகிறதோ, இடித்து மனை போடப் போகிறார்களோ, ஒதுங்கவைக்கும் முறை மட்டும் எங்கும் ஒன்றுதான். முதலில் வெள்ளி, பிறகு பித்தளையும் செம்பும், பிறகு மரம், பிறகு கண்ணாடி. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை என்று பிரித்துக்கொடுத்த வீடுகள் இவை. மூன்று தலைமுறையில் இருபது முப்பது புள்ளிகள், அதாவது மணமான குடும்பங்கள், உரிமை கொண்டாடும் வீட்டில் ஓர் அண்டாவுக்குக்கூடச் சண்டை வரும். நல்லவேளையாக அண்டாவில் பெயர் வெட்டியிருப்பார்கள். எந்த ஆச்சியின் சீர் என்று விளிம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும், சண்டை தீரும்.

கடைசியில் மிஞ்சுவது காகிதம். அதற்கு யாரும் சண்டை போடுவதில்லை.

காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில், விடுதியாக மாறப்போகும் ஒரு வீட்டின் பின்கட்டுக்குப் போனபோது, வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்துக்குப் பேரேடுகள் கிடந்தன. அடுக்கியிருக்கவில்லை, கொட்டியிருந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, "எல்லாம் கரையான் அரிச்ச பழங்கணக்குங்க. அடுப்புக்குப் போடச் சொல்லிட்டாக" என்றார். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். சிவப்புத் துணி ஒட்டிய அட்டை. ஓரங்களைத்தான் கரையான் தின்றிருந்தது; நடுவே எழுத்து முத்து முத்தாக நின்றது. ஏட்டின் தலைப்பில் உகரம், சிவமயம், தமிழ் வருஷம், மாதம், தேதி. அதற்குக் கீழே இரங்கூன் கடை வரவு, பற்று. எண்களெல்லாம் தமிழ் எண்கள். அரை, கால், மாகாணி என்று வட்டி இறங்கிக்கொண்டே போகிறது. ஏடுகளுக்கு நடுவே நாலாக மடித்த ஒரு கடுதாசி. கப்பலில் அனுப்பிய சாமான்களின் பட்டியல் அது: எனாமல் தூக்கு இத்தனை, பீங்கான் தட்டு இத்தனை, இன்னாருடைய கல்யாணத்துக்கு என்று குறிப்பு. அதே தூக்குகள் அன்று காலையில்தான் முன்கட்டிலிருந்து வேனில் ஏறிப் போயிருந்தன. யார் வாங்கியது, எந்த ஊரிலிருந்து, எந்தக் கல்யாணத்துக்கு என்று சொல்லும் ஒரே சாட்சி அடுப்பங்கரையில் கிடந்தது.

இந்தக் கவலையைத்தான் இந்தக் கட்டுரையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தூணும் கதவும் எங்கே போனாலும் யாரோ ஒருவர் துடைத்து வைத்துக்கொள்வார். காகிதம் போனால் போனதுதான்.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு பர்மாவை மட்டும் சொல்கிறேன். 1930களின் பொருளாதார மந்தத்தில், பர்மிய விவசாயிகளுக்குக் கொடுத்த கடன் திரும்பாமல் போய், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார் கடைகளின் கைக்கு வந்துவிட்டது. 1942இல் ஜப்பான் படை வந்தது. பிறகு சுதந்திர பர்மாவின் அரசு நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. இந்தக் கதையை அன்றைய ஆங்கில அரசின் அறிக்கைகளை வைத்துத்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். கடல் கடந்து கொண்டு விற்கப் போனவர்கள் யாருக்கு, என்ன வட்டிக்கு, எதை நம்பிக் கொடுத்தார்கள்? மேலாளுக்கும் அடுத்தாளுக்கும் பெட்டியடிப் பையனுக்கும் என்ன சம்பளம்? கடன் வாங்கிய பர்மிய விவசாயி எந்த மாதத்தில் தவணை கட்ட முடியாமல் போனான்? பதில் பேரேட்டிலும் ஐந்தொகையிலும் இருக்கிறது. நகரத்தாராகிய செட்டியார்களுக்குச் சாதகமான பதிலாக இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையான பதிலாக இருக்கும்.

வீட்டுப் பக்கத்தில் இன்னொரு புதையல் உண்டு. கல்யாணச் சிட்டைகள், மொய்க் கணக்கு, இசைகுடிமானம் என்னும் திருமணப் பதிவு, மாத்திரைக் குறிப்பு, பெண்கள் எழுதிய கடிதங்கள். பெண்களின் கையெழுத்து வேறெந்த ஆவணத்திலும் இவ்வளவு கிடைக்காது.

காகிதத்தை மதித்த ஒரு மனிதர் இதே மண்ணில் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் கசக்கி எறிந்ததையும் சேர்த்து வீட்டை நிறைத்தார். 1992இல் அவர் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல், 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிறுவியது. தமிழ் அச்சின் வரலாற்றை எழுத வருபவர்கள் இன்று அந்தப் படியைத்தான் ஏறுகிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதி உதவியோடு, கிராமப் பஞ்சாயத்துத் தீர்ப்புகள் எழுதிய பழைய தாள்களை வீடு வீடாகத் தேடிப் படமெடுத்திருக்கிறது. உரிமையாளரிடமே தாள் இருக்கும், படம் மட்டும் உலகத்துக்கு.

உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போனபோது, பழைய ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள் என்று ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். அதைப் படித்து வருத்தப்படாத தமிழ் ஆர்வலர் இல்லை. வெந்நீர் அடுப்பு அந்த வேலையை இன்றும் செய்துகொண்டிருக்கிறது.

வாரிசுகள் தரப்பிலும் நியாயம் உண்டு. வரி கட்ட வேண்டும், ஒழுகும் ஓட்டை மாற்ற வேண்டும், குடும்ப வரவு செலவை அடுத்தவர் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் அடுப்பில் போட்டபின் அந்தக் குடும்பமே படிக்க முடியாது.

சட்டமும் காகிதத்தின் அருமையை அறிந்தே வைத்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி சிலைக்கும் தூணுக்கும் நூறு ஆண்டு வயது ஆக வேண்டும். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிக்கும் ஆவணத்துக்கும் 75 ஆண்டு போதும், அவை தொல்பொருள் ஆகிவிடும்.

ஒதுங்கவைக்கப் போகிறவர்கள் வரிசையை மட்டும் மாற்றுங்கள். இரும்புப் பெட்டி, கணக்குப் பெட்டி, பரண் மூன்றையும் முதலில் பாருங்கள். கட்டை அவிழ்த்துக் கலைக்காதீர்கள். எது எதோடு சேர்த்துக் கட்டியிருந்தது என்பதும் ஒரு செய்தி. ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். பழைய பத்திரத்துக்கு லேமினேஷன் போடாதீர்கள், கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். தமிழ் எண்ணும் முந்திரி, காணிக் கணக்கும் படிக்கத் தெரிந்த பெரியவர் உங்கள் குடும்பத்தில் யாரேனும் இருந்தால், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். இன்னும் பத்து வருஷத்தில் அந்த ஆள் கிடைப்பது கடினம்.

வியாபாரிக்குச் சொல்லி அனுப்பும் முன் ஓர் ஆய்வு நூலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை பின்கட்டு அடுப்பை மூட்டாதீர்கள்.