பீட்டில்ஸ் தட்டுகள்: அட்டையில் இல்லாத அடையாளங்கள்

பீட்டில்ஸ் குழுவின் முதல் ஆல்பமான ‘பிளீஸ் பிளீஸ் மீ’ 1963 மார்ச் 22 அன்று பிரிட்டனில் வெளியானது. முதலில் வந்தவை மோனோ தட்டுகள். நடுவில் கறுப்பு லேபிள், அதில் பொன்னிற எழுத்தில் பார்லஃபோன் என்ற வெளியீட்டு நிறுவனத்தின் பெயர். ஸ்டீரியோ தட்டு ஏப்ரல் 26 அன்று வந்தது. அதற்குள் பார்லஃபோன் தன் லேபிளின் தோற்றத்தையே மாற்றத் தொடங்கிவிட்டது. பொன்னிறம் போய் மஞ்சள் எழுத்து வந்தது. பிரிட்டிஷ் வீடுகளில் அப்போது ஸ்டீரியோ கருவி அரிது என்பதால் ஸ்டீரியோ தட்டுகளை அச்சடித்ததே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலும் பொன்னிற லேபிள் ஒட்டியவை மிகக் குறைவு. அதே 14 பாடல்கள் கொண்ட மஞ்சள் லேபிள் தட்டைச் சுலபமாக வாங்கிவிடலாம். பொன்னிற ஸ்டீரியோ தட்டுக்குச் சேகரிப்பாளர்கள் அதைப் போலப் பல மடங்கு கொடுக்கிறார்கள்.

லேபிளின் நிறத்தோடு ஆராய்ச்சி முடிவதில்லை. பொன்னிற மோனோ தட்டுகளிலேயே இரண்டு வகை உண்டு. முந்திய வகையில் லென்னனும் மெக்கார்ட்னியும் எழுதிய பாடல்களுக்கு உரிமையாளராக டிக் ஜேம்ஸ் மியூசிக் நிறுவனத்தின் பெயர் இருக்கும். பிந்தியதில் புதிதாகத் தொடங்கப்பட்ட நார்தர்ன் சாங்ஸ் பெயர் இருக்கும். லேபிளில் உள்ள இந்தச் சிறு எழுத்துதான் தட்டின் வயதையும் விலையையும் தீர்மானிக்கிறது.

இந்த நுணுக்கங்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதைத் தட்டு தயாராகும் முறையே சொல்லும். ஸ்டுடியோவின் மூல ஒலிநாடாவிலிருந்து, அரக்குப் பூச்சு கொண்ட ஒரு தகட்டில் ஊசியால் பள்ளத்தை வெட்டுவார்கள். அந்தத் தகட்டின் மேல் உலோகம் படியவைத்துப் பிரித்தெடுத்தால் பள்ளங்கள் மேடுகளாக மாறிய முதல் அச்சு கிடைக்கும். அதிலிருந்து ‘தாய்’ எனப்படும் இன்னொரு உலோகத் தகடு, தாயிலிருந்து ஸ்டாம்பர். இரண்டு ஸ்டாம்பர்களுக்கு நடுவில் சூடான வினைலை வைத்து அழுத்தினால் தட்டு. ஸ்டாம்பர் தேய்ந்தால் தாயிலிருந்து புதிதாக ஒன்று எடுப்பார்கள். தாய்களும் போதாமல் போனால், அல்லது ஒலி திருப்தி தராவிட்டால், ஒலிநாடாவிலிருந்து மறுபடி வெட்டுவார்கள். வெட்டும்போது பொறியாளர் பாஸைச் சற்றுக் குறைத்தாலும் ஒலியளவைக் கூட்டினாலும் காதில் விழுவது வேறாகிவிடும். ஆக, ஒரே ஆல்பத்தின் இரண்டு தட்டுகள் ஒரே தகட்டிலிருந்து பிறந்தவையாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

எந்தத் தட்டு எந்தத் தகட்டின் வாரிசு என்பதை அறிய ஒரு வழி உண்டு. கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையில் பாட்டு இல்லாத வெற்று வளையம் இருக்கிறது. லண்டனுக்கு மேற்கே ஹேய்ஸில் இருந்த, பார்லஃபோனின் தாய் நிறுவனமான இ.எம்.ஐ.யின் ஆலையில் அடித்த தட்டுகளில், அந்த வளையத்தின் ஆறு மணி திசையில் மேட்ரிக்ஸ் எண் இருக்கும். மோனோ என்றால் அது ‘எக்ஸ்.இ.எக்ஸ்.’ என்றும் ஸ்டீரியோ என்றால் ‘ஒய்.இ.எக்ஸ்.’ என்றும் தொடங்கும். இறுதியில் வரும் 1, 2, 3 என்பது எத்தனையாவது வெட்டு என்பதைச் சொல்லும். ஒன்பது மணி திசையில் தாயின் எண். மூன்று மணி திசையில் ஸ்டாம்பரின் எண், அதுவும் எழுத்தில் மறைந்து நிற்கும். இ.எம்.ஐ.யைச் சேர்ந்த கிராமஃபோன் நிறுவனத்தின் பெயரைச் சுருக்கிப் பத்து ஆங்கில எழுத்துகளை எடுத்து, அவற்றை வரிசையாக 1 முதல் 9 வரையும் கடைசியில் 0 ஆகவும் வைத்துக்கொண்டார்கள். ‘ஜி’ மட்டும் இருந்தால் முதல் ஸ்டாம்பர். ‘ஜி’யும் ‘ஆர்’உம் சேர்ந்து வந்தால் பன்னிரண்டாவது. நம்மூர் ஜவுளிக்கடைக்காரர்கள் விலைச்சீட்டில் கொள்முதல் விலையை எழுத்தாக்கி எழுதிவைப்பதைப் போன்ற ஏற்பாடுதான் இது. ஆலைத் தொழிலாளிகள் தங்கள் கணக்குக்காகப் பொறித்த குறிகள் இன்று ஏலக்கடையில் விலையை நிர்ணயிக்கின்றன. லேபிளில் மை இல்லாமல் அழுத்திப் பதித்த விற்பனை வரிக் குறியீடும் காலத்தைக் காட்ட உதவுகிறது.

இந்த எண்கள் வெறும் பதிவேட்டு விவரங்கள் அல்ல என்பதற்கு 1965 டிசம்பர் 3 அன்று வெளியான ‘ரப்பர் சோல்’ நல்ல சாட்சி. அதன் முதல் மோனோ வெட்டில் ஒலியளவு மிக அதிகம். மலிவான கருவிகளில் ஊசி தாவிவிடும் என்ற அச்சத்தில் ஒலியைக் குறைத்து மறுபடி வெட்டினார்கள். இரண்டு பக்கத்திலும் மேட்ரிக்ஸ் எண் 1 என்று முடியும் அந்தச் ‘சத்தமான வெட்டு’, ரசிகர்கள் நிஜமாகவே கேட்பதற்காகத் தேடும் தட்டு. டிரம்ஸும் பாஸும் அதில் முன்னால் வந்து நிற்கின்றன. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 5 அன்று வந்த ‘ரிவால்வர்’ இன்னும் விசித்திரம். ‘டுமாரோ நெவர் நோஸ்’ என்ற கடைசிப் பாடலுக்குப் பல மோனோ கலவைகள் செய்திருந்தார்கள். 11ஆம் கலவையோடு தட்டு அச்சாகத் தொடங்கிய பின், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் மனம் மாறி வேறொரு கலவையைப் போடச் சொன்னார். அதற்குள் அச்சாகிவிட்ட தட்டுகள் கடைக்குப் போய்விட்டன. இரண்டாம் பக்கத்தின் எண் 1 என்று முடிந்தால் அதில் இருப்பது நிராகரிக்கப்பட்ட கலவை. ஒலிநாடா வளையங்கள் எழுந்து அடங்கும் இடங்களே அதில் மாறியிருக்கும். அட்டையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மோனோவா ஸ்டீரியோவா என்பது இவர்கள் விஷயத்தில் பெரிய வழக்கு. 1967இல் ‘சார்ஜன்ட் பெப்பர்’ முடியும் வரை குழுவினர் நேரம் செலவழித்தது மோனோ கலவைக்குத்தான். ஸ்டீரியோவைப் பெரும்பாலும் மார்ட்டினும் பொறியாளர்களும் பிறகு முடித்தார்கள். அதனால் இரண்டும் வெவ்வேறு படைப்புகள் போலவே ஒலிக்கின்றன. ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் வேகமாக, சற்று உயர்ந்த சுருதியில் ஓடுகிறது. 1968 நவம்பர் 22 அன்று வெளியான இரட்டைத் தட்டின், அதாவது வெள்ளை ஆல்பத்தின், மோனோ பதிப்பில் ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ முன்னதாகவே அடங்கிவிடும். ஸ்டீரியோவில் பாட்டு ஓய்ந்து திரும்பி வந்து, டிரம்ஸ் வாசித்துக் கை புண்ணானதாக ரிங்கோ ஸ்டார் கத்துவதோடு முடியும். அமெரிக்காவில் வெள்ளை ஆல்பம் ஸ்டீரியோவில் மட்டுமே வந்தது. ஆகவே அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்குப் பிரிட்டிஷ் மோனோ ஒரு தேவை.

வெள்ளை ஆல்பத்தின் உறையில் வரிசை எண் அச்சிட்டது கலைஞர் ரிச்சர்டு ஹாமில்டனின் குறும்பு. லட்சக்கணக்கில் விற்கும் பொருளுக்கு, எண்ணிட்ட ஓவிய அச்சைப் போல எண் கொடுத்தார். சேகரிப்பாளர்கள் அந்தக் குறும்பை அப்படியே மெய்யாக எடுத்துக்கொண்டார்கள். எண் சிறியதாகச் சிறியதாக விலை ஏறியது. ரிங்கோ ஸ்டாரிடம் இருந்த 0000001 எண்ணிட்ட தட்டு 2015 டிசம்பரில் ஏலத்தில் 7,90,000 டாலருக்குப் போனது.

அமெரிக்கத் தட்டுகள் தனி உலகம். கேப்பிட்டல் நிறுவனம் பிரிட்டிஷ் ஆல்பங்களைப் பிரித்து, பாடல்களைக் குறைத்து, மிச்சம் பிடித்தவற்றைச் சேர்த்துப் புது ஆல்பங்கள் உண்டாக்கியது. பல இடங்களில் எதிரொலியையும் கூட்டியது. 1966இல் வந்த ‘யெஸ்டர்டே அண்டு டுடே’ அப்படி உருவானதுதான். அதன் முதல் உறையில் ராபர்ட் விட்டேக்கர் எடுத்த படம் இருந்தது: கசாப்புக்காரர் அங்கி அணிந்த நால்வர், மடியில் இறைச்சித் துண்டுகள், உடைந்த பொம்மைகள். விற்பனையாளர்களும் வானொலிக்காரர்களும் கொதித்ததால் நிறுவனம் தட்டுகளைத் திரும்ப அழைத்து, பல உறைகளின் மேல் ஒரு பெட்டியைச் சுற்றி நால்வர் நிற்கும் சாதுவான படத்தை ஒட்டி மறுபடி அனுப்பியது. மேலே எதுவும் ஒட்டப்படாத உறை ‘முதல் நிலை’, ஒட்டியபடியே இருப்பது ‘இரண்டாம் நிலை’, ஒட்டியதை உரித்து எடுத்தது ‘மூன்றாம் நிலை’. கேப்பிட்டலின் அன்றைய தலைவர் ஆலன் லிவிங்ஸ்டன் வீட்டில் எடுத்துவைத்திருந்த, பிரிக்கப்படாத முதல் நிலைத் தட்டுகளை அவர் மகன் 1986இல் பீட்டில்ஸ் ரசிகர் மாநாடு ஒன்றில் கொண்டுவந்து விற்றார். இவற்றுக்குக் கொடுக்கும் பணம் முழுவதும் அட்டைக்குத்தான். உள்ளே இருக்கும் தட்டு எல்லா நிலைக்கும் ஒன்றே.

மற்ற நாடுகளும் தங்கள் பங்குக்கு வேறுபாடுகளை உண்டாக்கின. ஜப்பானில் தோஷிபா, தூசு ஒட்டாத சிவப்பு வினைலில் தட்டுகள் அடித்தது. உறையின் ஓரத்தில் சுற்றும் ‘ஓபி’ என்ற காகிதப் பட்டை கிழியாமல் இருந்தால் விலை வேறு. பிரேசிலில் ‘அபே ரோடு’ மோனோவில் வந்தது. ஸ்டீரியோவையே ஒன்றாக மடித்த மோனோ என்பதால் கேட்பதற்கு அதில் புதுமை ஒன்றும் இல்லை. ‘மேஜிகல் மிஸ்டரி டூர்’ ஆல்பத்தின் அமெரிக்கத் தட்டில் மூன்று பாடல்கள் போலி ஸ்டீரியோவில் இருக்க, 1970களின் ஜெர்மன் தட்டில் எல்லாமே உண்மையான ஸ்டீரியோ. காதுக்காகச் சேர்ப்பவர்கள் ஜெர்மன் தட்டைத்தான் நாடுகிறார்கள். சோவியத் ஒன்றியத்தின் மெலோடியா நிறுவனம் ‘எ ஹார்டு டேஸ் நைட்’ ஆல்பத்தை 1986இல்தான் வெளியிட்டது.

இந்தியாவின் பங்கு எதிர்பாராதது. இங்கே இவர்களின் தட்டுகளைக் கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியா, கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சடித்தது. தமிழ்த் திரைப்பாடல் தட்டுகளில் பலவும் அதே ஆலையில் அடித்தவைதான். பிரிட்டனில் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டு 1960 வாக்கிலேயே வழக்கொழிந்துவிட்டது. இந்தியாவிலோ மின்சாரம் எட்டாத வீடுகளில் சாவி கொடுக்கும் கிராமஃபோன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சந்தைக்காக 1960களின் நடுப்பகுதி வரை ‘ஷி லவ்ஸ் யூ’, ‘கான்ட் பை மீ லவ்’ போன்ற பாடல்கள் அரக்குச் சேர்த்த, கீழே விழுந்தால் உடையும் 78 தட்டுகளாக வெளிவந்தன. இவை ஆல்பங்கள் அல்ல, பக்கத்துக்கு ஒரு பாட்டு. ஆனாலும் உலகெங்கும் உள்ள பீட்டில்ஸ் சேகரிப்பாளர்கள் முதல் வரிசையில் வைக்கும் பொருள்கள் இவை. உடையும் தட்டு, கனமான எஃகு ஊசி இரண்டும் சேர்ந்ததால் நல்ல நிலையில் மிஞ்சியவை சொற்பம்.

ஒலிநாடாச் சுருள்களும் கேசட்டுகளும் ஒப்பீட்டளவில் மலிவு. அவற்றைத் தேடுவோரும் குறைவு. சி.டி.யில் மட்டும் ஒரு கதை உண்டு. 1983இல் ஜப்பானில் தோஷிபா-இ.எம்.ஐ. ‘அபே ரோடு’ சி.டி.யை வெளியிட்டு விரைவிலேயே நிறுத்திக்கொண்டது. லேபிளில் கறுப்பு முக்கோணம் கொண்ட அந்த சி.டி. இன்றும் தேடப்படுகிறது, காரணம் முறையான பீட்டில்ஸ் சி.டி.கள் 1987இல்தான் வந்தன. அப்போதும் முதல் நான்கு ஆல்பங்கள் மோனோவில் மட்டும். ‘ஹெல்ப்’, ‘ரப்பர் சோல்’ இரண்டையும் ஜார்ஜ் மார்ட்டின் புதிதாகக் கலந்து கொடுத்தார். அவற்றின் 1965 அசல் ஸ்டீரியோ கலவைகளை முழுமையாக சி.டி.யில் கேட்க, அவற்றையும் சேர்த்துத் தந்த 2009இன் மோனோ பெட்டித் தொகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எந்த வகையானாலும் விலையைக் கடைசியாகத் தீர்மானிப்பது நிலை. அமெரிக்காவின் ‘கோல்டுமைன்’ இதழ் பரப்பிய தர வரிசை இத்துறையில் செல்லுபடியாகிறது. பழுதற்றது, ஏறக்குறைய பழுதற்றது, மிக நன்று என்று அது இறங்கும். ஒவ்வொரு படியிலும் விலை பெருமளவு விழும். 1960களின் கருவிகளில் ஊசி பள்ளத்தை அழுத்தி உழுதது. விருந்துகளில் ஓட்டியே தேய்ந்த பதின்ம வயதினரின் தட்டுகள் இவை, ஆகவே ‘நன்று’ என்ற தரமே நடைமுறையில் கரகரப்பு என்று பொருள்படும்.

போலிகளும் நிறைய. அமெரிக்காவின் வீ-ஜே நிறுவனம் 1964 ஜனவரியில் வெளியிட்ட ‘இன்ட்ரடியூசிங் த பீட்டில்ஸ்’ அளவுக்குப் போலி அடிக்கப்பட்ட தட்டு வேறு அதிகம் இல்லை. லேபிளில் ஆல்பத்தின் பெயர் நடுத்துளைக்கு மேலேயும் குழுவின் பெயர் கீழேயும் இருந்தால் அது போலி. அசலில் இரண்டும் மேலேயே இருக்கும். பெரிய தொகை கொடுப்பவர் விற்பவரின் பேச்சையும் அட்டையின் புகைப்படத்தையும் நம்பாமல், உள்வளையத்து எண்களின் படத்தைக் கேட்டு வாங்குவதே முறை.

பாட்டைக் கேட்பதுதான் நோக்கம் என்றால் இவ்வளவு பாடு தேவையில்லை. 2014 செப்டம்பரில் அபே ரோடு ஸ்டுடியோவினர் மூல ஒலிநாடாக்களிலிருந்து, நடுவில் டிஜிட்டல் இல்லாமல், எல்லா மோனோ ஆல்பங்களையும் புதிதாக வெட்டி வினைலில் வெளியிட்டார்கள். தேய்ந்த முதல் பதிப்பைக் காட்டிலும் அவை நன்றாக ஒலிக்கின்றன. அந்தப் பெட்டித் தொகுதியும் பின்னர் கடைகளில் தீர்ந்துபோனது. பழைய தட்டுச் சந்தையில் இப்போது வெளியீட்டு விலையைத் தாண்டி விற்கிறது.