ஓசோன் படலம் கண்ணுக்குத் தெரியுமா?

பாடப் புத்தகங்களில் ஓசோன் படலத்தைப் பூமியைச் சுற்றி ஒரு நீல வளையமாக வரைந்திருப்பார்கள். அப்படி விளிம்பு கட்டிய படலம் எதுவும் மேலே இல்லை. சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரம் வரை ஓசோன் காற்றோடு கலந்து கிடக்கிறது. செறிவு மிகுந்த இடத்தில்கூடப் பத்து லட்சம் மூலக்கூறுகளில் பத்து தேறினால் அதிகம். சென்னைக்கு மேற்கே உள்ள குத்தம்பாக்கத்திலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு உள்ள தூரத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் அந்தப் பகுதிக்குள் போய்விடலாம். அங்குள்ள ஓசோனையெல்லாம் தரைமட்டக் காற்றழுத்தத்துக்கு அமுக்கினால், நம் ஊர் வானத்தில் மூன்று மில்லிமீட்டர் கனம்கூட வராது.

ஆகவே, நிமிர்ந்து பார்த்தால் ஓசோன் தெரியாது. ஆனால் அதன் வேலை தெரியும். சூரியன் மறைந்து சற்று நேரம் கழிந்தபின் உச்சி வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கிறதே, அதற்குப் பெரும்பங்கு காரணம் ஓசோன்தான். அந்நேரத்து ஒளி சாய்வாக நெடுந்தூரம் ஓசோனுக்குள் பயணிக்கிறது. ஆரஞ்சு நிறப் பகுதியை ஓசோன் விழுங்கிவிட, நீலம் மிஞ்சுகிறது. ஓசோன் இல்லையென்றால் அந்த வானம் மஞ்சள் கலந்து வெளிறியிருக்கும் என்று 1953இல் இயற்பியலாளர் ஹல்பர்ட் கணக்கிட்டுக் காட்டினார். முழுச் சந்திர கிரகணத்தில் நிழலின் ஓரத்தில் தோன்றும் இளநீலக் கீற்றும் இதன் கைவண்ணமே.

அளப்பதற்கும் இதே வழிதான்: வந்து சேராத ஒளியைக் கணக்கிடுவது. 1913இல் ஃபாப்ரி, பூய்சோன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானிகள் சூரிய ஒளியில் குறையும் புற ஊதாக் கதிரை வைத்து ஓசோனின் அளவைக் கண்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் டாப்சன் அதற்கென்றே கருவி செய்து, 1920களின் இறுதியில் உலகின் சில இடங்களுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்று கொடைக்கானல். அங்கே எடுத்த ஒளிப்படத் தகடுகள் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்த்தான் அளக்கப்பட்டன. பின்னாளில் வந்த டாப்சன் கருவி, அருகருகே உள்ள இரண்டு புற ஊதா அலைநீளங்களை ஒப்பிடும். 305 நானோமீட்டர் அளவிலான கதிரை ஓசோன் வெகுவாக உறிஞ்சும். 325 அளவிலானதைச் சிறிதே தொடும். இரண்டின் விகிதம் தெரிந்தால் இடையிலுள்ள ஓசோன் தெரிந்துவிடும். கொடைக்கானலில் இந்த அளவீடு 1957இல் முறையாகத் தொடங்கியது.

எந்த உயரத்தில் எவ்வளவு என்று அறியப் பலூன் வேண்டும். அதில் கட்டிய சிறு பம்பு, காற்றைப் பொட்டாசியம் அயோடைடு கரைசலுக்குள் செலுத்தும்; ஓசோன் பட்டதும் அயோடின் பிரிந்து மெல்லிய மின்னோட்டம் பிறக்கும். அந்த அளவை வானொலி அலை கீழே கொண்டுவந்து சேர்க்கும். திருவனந்தபுரத்திலிருந்து இந்திய வானிலை ஆய்வுத் துறை இத்தகைய பலூன்களைப் பறக்கவிட்டிருக்கிறது.

1978 முதல் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் உலகம் முழுவதையும் அளந்துவந்தது. என்றாலும் அண்டார்டிக்காவின் ஓசோன் ஓட்டையை 1985இல் முதலில் உலகுக்கு அறிவித்த கட்டுரை, அங்குள்ள ஹேலி ஆய்வு நிலையத்தில் தரையில் நின்ற டாப்சன் கருவியின் அளவீடுகளை நம்பியே எழுதப்பட்டது. செயற்கைக்கோள்கள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்க இன்றும் இந்தத் தரைக் கருவிகள்தான் துணை.