கடைக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி



முன்பு தோட்டத்துக் கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். கிராணி பெயர் பார்த்துப் பிரித்து வைப்பார். நீலாய், லாபு, செண்டாயான் பக்கத்துத் தோட்டங்கள் குடியிருப்புப் பகுதிகளாக மாறியபோது குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பழைய முகவரிக்கு வந்த கடிதங்களோ உரியவரைச் சேரவில்லை. முகவரி தோட்டத்தினுடையது, நம்முடையதன்று. மின்னஞ்சலிலும் இதே சங்கதி உண்டு.

நம்மிடம் படித்த பெண் ஒருவர் பஹாவில் மசாலாத் தூள் அரைத்து விற்கிறார். தங்கும் விடுதியொன்று விலை கேட்டது. அன்றைக்கே மின்னஞ்சலில் விலைப்பட்டியல் அனுப்பினார். பதில் வரவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் கேட்டபோது, வேறொருவருக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. அவருடைய கடிதம் விடுதியின் குப்பை அஞ்சல் பெட்டிக்குள் கிடந்தது. ஏன் அப்படி ஆயிற்று?

சர்வர் எனப்படும் அஞ்சல் கணினிதான் மின்னஞ்சலின் தபால் நிலையம். நாம் அனுப்பும் கடிதத்தை அது வாங்கி, பெறுபவரின் கடிதங்களை ஏற்கும் கணினி எது என்று இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் பார்த்து, அங்கே சேர்க்கிறது. இதற்கான விதிமுறை 1982-இல் எழுதப்பட்டது. அனுப்புநர் பெயர் உண்மைதானா என்று அந்த விதிமுறை சோதிக்கவில்லை. ஆகவே மோசடிக்காரர்கள் பிறர் பெயரில் கடிதம் அனுப்பலாயினர்.

இதைத் தடுக்க மூன்று ஏற்பாடுகள் பின்னர் வந்தன. நம் பெயரில் அனுப்ப எந்தக் கணினிகளுக்கு அனுமதி உண்டு என்னும் பட்டியல் எஸ்.பி.எஃப். கடிதத்தில் பதியும் மறைமுத்திரை டி.கே.ஐ.எம். இவற்றில் ஒன்றேனும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்னும் அறிவிப்பு டிமார்க். 2024 பிப்ரவரி முதல், தங்கள் பயனர்களுக்கு எழுதும் எவரும் முதலிரண்டில் ஒன்றையேனும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுளும் யாகூவும் விதித்தன. ஜிமெயில் பெட்டிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் வேண்டும்.

இனி, எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுப்பது?

முதலாவது, ஜிமெயில் போன்ற இலவச முகவரி. தொடக்கத்திற்குப் போதும். ஆனால் அது இரவல் முகவரி. 1992-இல் மைமோஸ் தொடங்கிய ஜாரிங் இணையச் சேவை 2015-இல் நின்றபோது, அதன் முகவரியை அட்டைகளில் அச்சடித்து வைத்திருந்தவர்கள் புதிய முகவரி தேட நேர்ந்தது.

இரண்டாவது, வீட்டிலேயே சொந்தச் சர்வர். மின்சாரமும் இணைப்பும் இரவு பகல் தடைபடக் கூடாது. மாறாத இணைய எண் வேண்டும். அஞ்சல் போகும் 25-ஆம் வாயிலைப் பல நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் அடைத்தே வைத்திருக்கின்றன. நம் ஊர் இடிமழையையும் நினைத்துப் பாருங்கள். தனியாள் நடத்தும் கடைக்கு இது வேண்டாத சுமை.

மூன்றாவது, பெயர் சொந்தம், நிலையம் வாடகை. சொந்தமாக ஒரு இணையப் பெயரைப் பதிந்துகொண்டு, கூகுள், மைக்ரோசாஃப்ட், தமிழகத்தின் ஸோகோ போன்றவற்றுக்கு ஆள் கணக்கில் கட்டணம் செலுத்தலாம். நிலையத்தை மாற்றினாலும் முகவரி மாறாது. சிறு தொழிலுக்கு இதுவே ஏற்றது. ஆனால் ஒன்று: அந்தப் பெயர் உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். வலைமனை செய்துகொடுத்த தம்பியின் பெயரில் இருந்தால், அவர் ஊர் மாறிய பின் அலைய வேண்டியது நீங்கள்தான்.

கோளாறு வந்தால் பதறாமல் வரிசையாகப் பாருங்கள்.

கடிதம் திரும்பி வந்தால், அதிலுள்ள எண்ணைப் படியுங்கள். 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. சர்வரே மீண்டும் முயலும். 5-இல் தொடங்கினால் மறுப்பு. 5.1.1 என்றால் அப்படியொரு முகவரி இல்லை. எழுத்துப் பிழையா என்று பாருங்கள். 5.2.2 என்றால் அவர் பெட்டி நிரம்பிவிட்டது. 5.7 என்றால் பெரும்பாலும் பாதுகாப்புக் காரணம். அந்த மூன்று பதிவுகளையும் சோதியுங்கள்.

யாருடைய கடிதமும் வரவில்லையென்றால், இணையப் பெயரின் ஆண்டுக் கட்டணம் கட்டியாயிற்றா என்று முதலில் பாருங்கள். பிறகு பெயர்ப் பதிவேட்டில் நிலையத்தின் பெயர் சரியா என்று பாருங்கள்.

கைப்பேசியில் தெரியும் கடிதம் கணினியில் தெரியாவிட்டால், ஒன்று பி.ஓ.பி. முறையில் கடிதங்களை இறக்கிக்கொண்டிருக்கலாம். இரண்டையும் ஐமேப் முறைக்கு மாற்றினால், கடிதம் சர்வரிலேயே இருக்கும்.

நீங்கள் எழுதாத கடிதங்கள் திரும்பி வந்து குவிந்தால், யாரோ உங்கள் பெயரைப் போலியாகப் பயன்படுத்தியிருக்கலாம், அல்லது கடவுச்சொல் களவு போயிருக்கலாம். உடனே கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை வையுங்கள். "எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே தெரிந்த எண்ணில் அழைத்துக் கேட்காமல் பணம் செலுத்தாதீர்கள்.

பஹாவ் கடையின் கோளாறும் இப்படித்தான் தெரிந்தது. நிலையத்தை மாற்றியவர், எஸ்.பி.எஃப். பட்டியலில் புதிய நிலையத்தைச் சேர்க்கவில்லை. ஜிமெயில் பெட்டி ஒன்றுக்குச் சோதனைக் கடிதம் அனுப்பி, அதன் மூல வடிவைத் திறந்து பார்த்தபோது குறை அதிலேயே எழுதியிருந்தது. ஒரு வரியைத் திருத்தியதும் சரியாயிற்று. போன ஆர்டர் மட்டும் திரும்பவில்லை.

ஆகவே நேயர்களே, இன்று மாலையே உங்கள் கடையிலிருந்து ஒரு சோதனைக் கடிதம் அனுப்பிப் பாருங்கள். இணையப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் கேட்டு, ஒரு தாளில் குறித்து வையுங்கள்.